அயலார் எழுத்தைப் படியெடுத்தோர்

மைய அரசின் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக நான் பணியேற்ற புதிதில், பதிவறையில் கிடந்த பழைய பதிவேடு ஒன்றைக் கையால் படியெடுக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. தொட்டால் உதிரும் தாள்கள். நகற்பொறியில் வைக்க இயலாதவை. ஆங்கில வரிகளின் ஓரங்களில் உருது எழுத்தில் குறிப்புகள் இருந்தன. எங்கள் பிரிவில் பட்டம் பெற்றவர் பலர் இருந்தும் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இலர். பழைய தில்லியில் பிறந்து வளர்ந்த கடைநிலை ஊழியர் ஒருவரே அவற்றைப் படித்துச் சொன்னார். சாச்சா என்று நாங்கள் அழைத்த அப்பெரியவர், "நாற்பது நாள் என்னோடு உட்கார், பேட்டா! இந்த எழுத்து உனக்கு வந்துவிடும்" என்றார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நான் தள்ளிப்போட்டேன். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஆண்டுகள் பல கழிந்தும் அந்த எழுத்து இன்றுவரை எனக்கு வெறும் கோலமே.

அயலாருடைய எழுத்தைக் கற்பது என்பது எத்தகைய உழைப்பு, அது யாரால் இயலும் என்ற கேள்வி அன்று முதல் என்னை விட்டதில்லை. அதற்கு விடை தேடிப் படித்த நூல்கள் என்னை ஜெர்மானிய நாட்டுக்கு இட்டுச் சென்றன. ஜெர்மானிய அறிஞர் என்றதும் தில்லிவாழ் தமிழராகிய நமக்கு மாக்ஸ் முல்லரே நினைவுக்கு வருவார். கஸ்தூரிபா காந்தி சாலையில் அவர் பெயர் தாங்கிய பவனைக் கடந்து செல்லாதவர் நம்மில் யார்? இருக்கு வேதத்தைப் பதிப்பித்த அவர் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை என்பதும் பலர் அறிந்ததே. ஆனால் ஜெர்மானியரின் அறிவு வேட்கை இந்தியாவோடு நின்றுவிடவில்லை. அரபு உலகும், பாரசீகத்தின் பழங்கல்வெட்டுகளும், ஆப்பிரிக்க நாட்டு வரலாறும் அவர்தம் ஆராய்ச்சிக்கு இலக்காயின. அவ்வுழைப்பின் பெருமையையும், அதன்மேல் படிந்த கறையையும் ஒருங்கே கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வறுமையும் அரபு மொழியும்

யோகான் யாக்கோபு ரைஸ்கே 1716-ஆம் ஆண்டு பிறந்தவர். ஹாலே நகரத்து அநாதை இல்லப் பள்ளியில் பயின்றவர். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின், ஆசிரியர் துணையின்றித் தாமே அரபு மொழியைக் கற்றார். கையில் கிடைத்த பணமெல்லாம் அரபு நூல்களுக்கே சென்றது. ஆலந்து நாட்டு லைடன் நகரில் அரபுச் சுவடிகள் நிறைய உள்ளன என்று கேள்வியுற்று, 1738-இல் ஏறக்குறைய வெறுங்கையராய் அங்குச் சென்றார். அச்சுவடிகளை வகைப்படுத்தும் பணி அவருக்குக் கிட்டியது. தக்க ஊதியந்தான் கிட்டவில்லை.

அக்காலத்து ஐரோப்பியர் அரபு மொழியைக் கற்றதன் நோக்கம் வேறு. விவிலியத்தின் எபிரேயச் சொற்களுக்குப் பொருள் காண அது ஓர் ஊன்றுகோல், அவ்வளவே. அரபு மொழியை அரபு மொழிக்காகவே கற்க வேண்டும். இசுலாமியரின் வரலாறு உலக வரலாற்றின் பகுதி. அதனை நீக்கிவிட்டு மனித குலத்தின் கதையைச் சொல்ல இயலாது என்று ரைஸ்கே வாதிட்டார். நபிகள் நாயகத்தைப் பொய்யர் என்று பழிக்கவும் அவர் உடன்படவில்லை. சமயவாதிகள் அவரை வெறுத்தனர். லைப்சிக்கில் பேராசிரியர் என்ற பட்டம் கிடைத்தும் வயிறு நிறையவில்லை. ஹமா நாட்டை ஆண்ட வரலாற்றாசிரியர் அபுல் ஃபிதாவின் நூலை இலத்தீனில் பெயர்த்து, 1754-இல் தம் சொந்தச் செலவில் முதற்பகுதியை வெளியிட்டார். மிகச் சில படிகளே விலை போயின. அரபு இலக்கியத்துக்காகத் தியாகியானவன் என்று அவர் தம்மைக் கூறிக்கொண்டதில் மிகையில்லை.

1758-இல் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் ஆன பிறகே அவருக்கு நிலையான வாழ்வு அமைந்தது. 1764-இல் அவர் மணந்த எர்னஸ்டினே அம்மையார், கணவருக்கு உதவுவதற்காகவே கிரேக்கமும் இலத்தீனும் கற்றுச் சுவடிகளை ஒப்புநோக்கினார். கிரேக்கச் சொற்பொழிவாளரின் நூல்தொகுதியை அச்சிடப் பணம் இல்லாதபோது, தம் நகைகளைக் கொடுத்து அச்சுக்கூலி தந்தார். புலவர் வீட்டு வறுமையும், அவ்வறுமையைத் தாங்கிய மனைவியரின் பெருமையும் தமிழருக்குப் புதியன அல்லவே! 1774-இல் ரைஸ்கே மறைந்தார். அபுல் ஃபிதாவின் வரலாறு 5 தொகுதிகளாக முழுமையாக அச்சேறத் தொடங்கியது 1789-இல்தான். தம் உழைப்பின் பயனை அவர் காணவில்லை.

அறுவரில் எஞ்சிய ஒருவர்

ரைஸ்கே வாழ்ந்த காலத்திலேயே டென்மார்க்கு மன்னர் ஐந்தாம் ஃபிரடெரிக் அரபு நாட்டுக்கு ஓர் ஆய்வுக்குழுவை அனுப்பினார். இதற்கு வித்திட்டவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மிக்காயேலிஸ் என்ற ஜெர்மானியர். அக்காலத்தில் டென்மார்க்கின் குடியேற்றமாக இருந்த நம் தரங்கம்பாடி வழியாக ஆளனுப்பலாம் என்பதே முதலில் எழுந்த எண்ணம். பின்னர்த் திட்டம் விரிந்தது. 1761-ஆம் ஆண்டு சனவரியில் அறுவர் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டனர். மொழியறிஞர், இயற்கை நூலறிஞர், மருத்துவர், ஓவியர், பணியாள் ஆகியோருடன் நில அளவையாளராகச் சென்றவர் கார்ஸ்டன் நீபூர். வடஜெர்மனியில் உழவர் குடியில் 1733-இல் பிறந்த அவர், குழுவில் பேரறிஞர் என்ற பெயர் பெற்றவர் அல்லர்.

ஏமன் நாட்டில் காய்ச்சல் அவர்களைத் தாக்கியது. மொழியறிஞர் ஃபான் ஹாவன் 1763 மே மாதத்தில் மோக்கா நகரிலும், இயற்கை நூலறிஞர் ஃபோர்ஸ்கால் சூலையில் யரீம் என்ற ஊரிலும் மாண்டனர். பம்பாய்க்கு வரும் வழியில் ஓவியரையும் பணியாளையும் கடல் கொண்டது. 1764 பிப்ரவரியில் மருத்துவரும் பம்பாயில் கண்மூடினார். எஞ்சியவர் நீபூர் ஒருவரே.

வேறொருவராயின் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார். நீபூரோ அந்நாட்டு உடையை உடுத்து, அந்நாட்டு உணவை உண்டு, தரை வழியாகப் பயணத்தைத் தொடர்ந்தார். 1765 மார்ச்சில் பாரசீகத்தின் பெர்சிபோலிஸ் என்ற பாழ்நகரை அடைந்தார். அலெக்சாந்தர் எரித்த அம்மாளிகையின் சுவர்களில், ஆணித்தலை போன்ற கோடுகளால் ஆன எழுத்துகள் இருந்தன. அவற்றைப் படிக்க உலகில் எவருக்கும் அன்று தெரியாது. நீபூருக்கும் தெரியாது. தமக்குத் தெரியாத அந்த எழுத்தைத்தான் கோடு பிறழாமல் அவர் படியெடுத்தார். வெயிலில் ஒளிரும் கல்லை நாள்தோறும் உற்று நோக்கி அவர் கண்கள் நொந்தன. அக்கல்வெட்டுகளில் மூன்று வேறு எழுத்து முறைகள் உள்ளன என்றும், அவை இடமிருந்து வலமாகச் செல்வன என்றும் கண்டு கூறினார். பொருள் தெரியாதபோதும் உண்மைக்கு மாறாக ஒரு கோடும் சேர்ப்பதில்லை என்ற நேர்மை, எழுத்தர் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் என்னைத் தலைவணங்கச் செய்கிறது.

1767-இல் நாடு திரும்பிய அவர், 1778-இல் தம் பயண நூலின் இரண்டாம் தொகுதியில் அப்படிகளை வெளியிட்டார். அதே ஆண்டில் மெல்டார்ஃப் என்ற சிற்றூரில் வட்டார எழுத்தராகப் பதவியேற்றார். ஆம், எழுத்தராகத்தான்! பேரரசர் கல்வெட்டுகளைப் படியெடுத்த கை, உழவர்களின் வரிக்கணக்கை எழுதியது. முதுமையில் பார்வை இழந்து, 1815-இல் அவ்வூரிலேயே மறைந்தார்.

பள்ளியாசிரியரின் பந்தயம்

நீபூர் படியெடுத்தவற்றை வைத்துக்கொண்டு அறிஞர் சிலர் முயன்றனர். சொற்களைப் பிரிக்கும் குறி எது என்பது புலனாயிற்று. அரசன் என்ற சொல் இதுவாக இருக்கலாம் என்ற ஊகமும் எழுந்தது. அதற்குமேல் ஒருவராலும் செல்ல முடியவில்லை. கோட்டிங்கன் நகரில் 27 வயதுப் பள்ளியாசிரியர் கியார்க் ஃபிரீட்ரிக் குரோட்டஃபெண்ட், இதனைப் படித்துக் காட்டுகிறேன் என்று நண்பரிடம் பந்தயம் கட்டினார். அவருக்குக் கீழைநாட்டு மொழிப் புலமை இல்லை; புதிர்களை விடுவிக்கும் ஆர்வம் உண்டு.

அவர் எண்ணிய முறை எளிமையானது, ஆகவே வியப்புக்குரியது. பிற்காலப் பாரசீக மன்னர்கள் தம் கல்வெட்டுகளில் "இன்னான், பேரரசன், மன்னர் மன்னன், இன்னான் மகன்" என்று எழுதுவது வழக்கம் என அவர் அறிந்திருந்தார். முன்னோரும் அவ்வாறே எழுதியிருப்பர் அன்றோ? இரு கல்வெட்டுகளை ஒப்பிட்டார். ஒன்றில் ஒரு மன்னனின் பெயர். அவன் தந்தையின் பெயரோடு அரசன் என்ற சொல் இல்லை. மற்றொன்றில் வேறொரு மன்னன். அவன் தந்தையாகக் குறிக்கப்பட்டவனோ முதற்கல்வெட்டின் மன்னன். ஆகவே பாட்டன் அரசன் அல்லன், மகன் அரசன், பேரனும் அரசன். கிரேக்க வரலாற்றில் இவ்வாறு அமைந்த பாரசீகத் தலைமுறை எது? ஹிஸ்டாஸ்பஸ், அவன் மகன் தாரியஸ், அவன் மகன் செர்க்சஸ். பெயர்கள் எழுத்துகளின் எண்ணிக்கைக்கும் பொருந்தி வந்தன. ஈராயிரம் ஆண்டு ஊமையாய் நின்ற கல் பேசத் தொடங்கிற்று!

1802 செப்டம்பரில் கோட்டிங்கன் அறிஞர் கழகத்தின்முன் இக்கண்டுபிடிப்பு வைக்கப்பட்டது. ஆனால் ஒரு பள்ளியாசிரியரின் கட்டுரையை முழுமையாக அச்சிட அக்கழகம் முன்வரவில்லை. 1805-இல் வேறோர் அறிஞரின் நூலுக்குப் பின்னிணைப்பாகவே அது வெளிவந்தது. மூலக்கட்டுரை அச்சேறியது 1893-இல். அவர் கண்டவற்றில் பிழைகளும் இருந்தன. பிறர் அவற்றைத் திருத்தி மேலே சென்றனர். ஆயினும் பாபிலோன், நினிவே ஆகிய பழம்பெரு நாகரிகங்களின் களிமண் ஏடுகள் 19-ஆம் நூற்றாண்டில் படிக்கப்பட்டமைக்கு முதற்கதவைத் திறந்தவை ஒரு நில அளவையாளரின் படிகளும், ஒரு பள்ளியாசிரியரின் பந்தயமுமே.

வரலாறு இல்லாத நாடா?

பெர்லின் பல்கலைக்கழகத்தில் 1822 முதல் உலக வரலாற்றுத் தத்துவம் பற்றிச் சொற்பொழிவாற்றிய ஹெகல் என்ற தத்துவப் பேரறிஞர், ஆப்பிரிக்கா உலக வரலாற்றின் பகுதியே அன்று என்று தீர்ப்புக் கூறினார். அவர் அக்கண்டத்தில் அடிவைத்தவர் அல்லர். அவர் சொல் ஐரோப்பாவெங்கும் செல்வாக்குப் பெற்றது.

அதே பெர்லினில் பயின்றவர் 1821-இல் ஹாம்பர்க் நகரில் பிறந்த ஹைன்ரிக் பார்ட். ஆங்கில அரசு அனுப்பிய குழுவில் சேர்ந்து 1850-இல் திரிப்பொலியிலிருந்து சகாராப் பாலைவனத்துள் புகுந்தார். தலைவர் ரிச்சர்ட்சன் 1851-இலும், மற்றொரு தோழர் ஓவர்வெக் 1852-இலும் இறந்தனர். நீபூரைப் போலவே இவரும் தனியரானார். நீபூரைப் போலவே தொடர்ந்து சென்றார். அரபு மொழி பேசி, அப்துல் கரீம் என்ற பெயர் பூண்டு, செல்லும் வழியெல்லாம் ஹௌசா, கனூரி, ஃபுல்ஃபுல்டே முதலிய மொழிகளின் சொற்களைத் தொகுத்தார்.

1853-ஆம் ஆண்டில் குவாண்டு என்ற ஊரில் அவர் கைக்கு ஒரு சுவடி கிட்டியது. சொங்காய்ப் பேரரசின் வரலாற்றைக் கூறும் "தாரீக் அல்-சூடான்" என்ற அரபு நூல் அது. திம்புக்துவைச் சேர்ந்த அல்-சாதி 17-ஆம் நூற்றாண்டில் எழுதியது. அதனைப் பார்க்கச் சில நாட்களே வாய்த்தன. அமர்ந்து இயன்றவரை படியெடுத்தார். ஆசிரியர் பெயரை அவர் தவறாகக் கருதியது உண்மை. ஆனால் அதன் அருமையைத் தவறாகக் கருதவில்லை. ஆப்பிரிக்கருக்கு வரலாறு இல்லை என்று பெர்லினில் ஒருவர் கூறினார். ஆப்பிரிக்கர் தம் கையால் எழுதி வைத்த வரலாற்றைப் பெர்லினில் பயின்ற மற்றொருவர் மண் தரையில் அமர்ந்து படியெடுத்தார். இருவரில் யார் கற்றவர் என்பதைப் படிப்போரே முடிவு செய்க.

1853 செப்டம்பரில் பார்ட் திம்புக்துவை அடைந்தார். அவர் கிறித்தவர் என்பது வெளிப்பட்டது. அவரைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மசினா நாட்டு ஆட்சியாளர் வற்புறுத்தினார். அந்நகரின் சமயப் பெரியார் அகமது அல்-பக்காய் மறுத்துவிட்டார். விருந்தினராக வந்த ஒருவரைக் காட்டிக் கொடுப்பது தம் சமயத்துக்கு ஒவ்வாது என்பது அவர் உறுதி. ஏறக்குறைய எட்டுத் திங்கள் பார்ட்டைத் தம் காவலில் வைத்துப் பாதுகாத்தார். இரவுகளில் இருவரும் சமயம் பற்றியும் நூல்கள் பற்றியும் உரையாடினர். ஐரோப்பிய அறிஞர் ஒருவரின் உயிரும், அவர் சேர்த்த அறிவும் ஓர் ஆப்பிரிக்க முசுலிமின் விருந்தோம்பலால் காக்கப்பட்டன என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1855-இல் பார்ட் திரும்பினார். 1857, 1858-ஆம் ஆண்டுகளில் அவர் நூல் 5 தொகுதிகளாக வெளிவந்தது. புலி வேட்டையும் நரமாமிசக் கதையும் எதிர்பார்த்தவர்க்கு அதில் சுவை இல்லை. சந்தையில் துணி என்ன விலை, எந்த அரசன் எந்த ஆண்டில் ஆண்டான், எந்தச் சாதியார் எந்த மொழி பேசுவர் என்பன போன்ற செய்திகளே அதில் நிறைந்திருந்தன. முழுப் பேராசிரியர் பதவியும் கிட்டாமல், 1865-இல் தம் 44-ஆம் வயதிலேயே மறைந்தார். இன்று மேற்கு ஆப்பிரிக்க வரலாற்றை எழுதுவோர் அந்நூலைத் தொடாமல் எழுத முடியாது.

அறிவின்மேல் விழுந்த நிழல்

இவ்வளவில் கட்டுரையை முடித்தால் ஜெர்மானியர் புகழ் பாடியதாக முடியும். உண்மை அவ்வளவு எளிதன்று. 1884-85-இல் அதே பெர்லினில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி ஆப்பிரிக்காவைப் பங்கிடுவதற்கு விதிமுறை வகுத்தன. அதன்பின் கல்வி, ஆட்சிக்குக் கருவியாயிற்று. இன்றைய நமீபியாவில் 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மானியப் படை கொன்று குவித்தது. மாண்டோரின் மண்டையோடுகள் ஆராய்ச்சி என்ற பெயரால் பெர்லினுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 20 மட்டும் 2011-இல் முதன்முறையாகத் திருப்பித் தரப்பட்டன. அது இனப்படுகொலையே என்று ஜெர்மானிய அரசு 2021-இல் ஒப்புக்கொண்டது. ஆங்கிலேயர் 1897-இல் பெனின் அரண்மனையிலிருந்து கொள்ளையிட்ட வெண்கலப் படிமங்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஜெர்மானிய அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன. அவற்றின் உரிமையை நைசீரியாவுக்கு அளிக்க 2022-இல் உடன்பாடு கண்டனர். ஏட்டைப் படியெடுப்பவன் ஏட்டை உரியவரிடமே விட்டு வருகிறான். படிமத்தைப் பெயர்த்தெடுப்பவன் சுவரை வெறுமையாக்கிச் செல்கிறான். இந்த வேற்றுமை சிறியதன்று.

நிழல் தம் நாட்டு அறிஞர்மேலும் விழுந்தது. ஹெட்விக் கிளைன் என்ற யூதப் பெண்மணி ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் அரபு பயின்றவர். 1937-இல் ஆய்வேட்டை முடித்துத் தேர்விலும் சிறந்தார். யூதர் என்ற ஒரே காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. 1939 ஆகஸ்டு மாதம் அவர் பம்பாய்க்குச் செல்லும் கப்பலில் ஏறினார். நம் நாட்டுக் கரை அவருக்கு அடைக்கலம் தந்திருக்கும். போர் மூளவிருந்த நேரம்; கப்பல் வழியிலேயே திருப்பி அழைக்கப்பட்டது. ஹாம்பர்க் திரும்பிய அவர், ஹான்ஸ் வேர் தொகுத்த அரபு-ஜெர்மன் அகராதிக்காக அரபு நூல்களிலிருந்து சொற்களைப் பொறுக்கிச் சீட்டுகளில் எழுதினார். ஒவ்வொரு சீட்டுக்கும் சில காசுகள் கூலி. 1942 சூலையில் அவர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார், மீளவில்லை. 1947-இல், இறந்தபின், பட்டம் அளித்தனர். 1952-இல் வெளிவந்த அந்த அகராதியின் முன்னுரையில் அவர் பெயர் உண்டு. அவருக்கு நேர்ந்தது பற்றி ஒரு சொல்லும் இல்லை. உலகெங்கும் அரபு பயில்வோர் இன்றும் கையில் வைத்திருக்கும் அகராதி அது.

முடிவுரை

நமக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு. ரைஸ்கே பயின்ற ஹாலே நகரத்து அதே நிறுவனங்களோடு தொடர்புடையவர் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு. சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். தமிழர் வழிபடும் கடவுளர் பற்றி 1713-இல் அவர் ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். பிற சமயத்தை வேரறுக்கவே உம்மை அனுப்பினோம், அதைப் பரப்புவதற்கன்று என்ற கருத்தில் பதில் வந்தது. அந்நூல் அச்சேறியது 1867-இல், சென்னையில். பிறரை அறிந்துகொள்ள முயன்றவரை அவர்தம் சொந்த வீடே தடுத்ததற்கு இதுவும் ஒரு சான்று.

ரைஸ்கே அநாதைப் பள்ளி மாணவர். நீபூர் உழவர் மகன். குரோட்டஃபெண்ட் பள்ளியாசிரியர். கிளைன் சீட்டு எழுதிக் கூலி பெற்றவர். அயலாரை உண்மையில் அறிந்தவர் பீடங்களில் அமர்ந்து தீர்ப்புக் கூறியவர் அல்லர். கீழே அமர்ந்து படியெடுத்தவர். அவர்களை உயர்த்தியது நாட்டின் பெருமையன்று; எதிரே இருக்கும் எழுத்து தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட பணிவு. அப்பணிவு நீங்கிய இடத்தில், அதே நாட்டின் கல்வி மண்டையோடுகளை எண்ணும் கல்வியாயிற்று.

பிழைப்புக்காகத் தமிழகம் விட்டு வந்த நாம், பல்லாண்டுகளாகப் பிறர் மொழிகளுக்கு நடுவே வாழ்கிறோம். நம் பிள்ளைகள் தமிழ் மறவாதிருக்க ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறோம். அது நம் கடமை. நம் பக்கத்து வீட்டார் எழுத்தை நாம் கற்றோமா? காய்கறி விலை கேட்கவும் கோப்பில் குறிப்பெழுதவும் வேண்டிய அளவுக்கு மேல் நான் கற்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பாலைவனத்தில் சென்று அமர்ந்தார் பார்ட். என் மேசைக்கு இரண்டு முழத் தொலைவில் அமர்ந்திருந்தார் சாச்சா.

இவ்வாண்டு தைத் திங்களில் உருது அரிச்சுவடி ஒன்றை வாங்கினேன். நாற்பது நாள் என்று அவர் சொன்ன கணக்கு என் வயதுக்குப் பொருந்தவில்லை. அலிஃப், பே, பே, தே என்று எழுதிப் பழகும்போது, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அருகில் வந்து அமர்கிறாள். அவள் கை என் கையைவிட விரைவாக ஓடுகிறது.